கிலுக்கு இல்லாத விரியன்

கிலுகிலுப்பைப் பாம்பு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. குமரி மாவட்டத்துக் குலசேகரம், பேச்சிப்பாறை ரப்பர் தோட்டங்களில் சருகுக்குள் சுருண்டு கிடப்பது அதன் தூரத்துச் சொந்தம்: மூக்கு நுனி மேலே தூக்கிய சின்னக் குழிவிரியன். நீளம் ஒன்றரை, இரண்டு சாண்தான்.

இரண்டு பாம்புக்குமே, கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஒரு குழி. இருட்டில் எலியின் உடல்சூட்டை அறிவது அதனால்தான். இரண்டும் குட்டி போடும். சீண்டினால் இரண்டும் வாலை அதிர வைக்கும். ஆனால் கிலுகிலுப்பைப் பாம்பின் வால் நுனியில் ஒன்றோடொன்று கோத்த கெரட்டின் வளையங்கள்; அதுதான் கிலுக்கு. நம் நகமும் அதே பொருள்தான். சட்டை உரிக்கும்போதெல்லாம் ஒரு வளையம் கூடும். ஒரே வருஷத்தில் பல தடவை உரிக்கும், பழைய வளையம் உடைந்தும் விழும். ஆகவே வளையத்தை எண்ணி வயசு சொல்வதெல்லாம் சும்மா.

இங்குள்ளதற்கு அந்த வளையம் இல்லை. காய்ந்த சருகில் வால் பட்டால் லேசாகச் சரசரக்கும். மழையில் ஊறிய சருகில் அதுவும் கேட்காது. ஆள் வந்தாலும் ஓடாது, சருகு நிறத்திலேயே அசையாமல் கிடக்கும். ரப்பர் பால்வெட்டுகிறவருக்கோ விடியுமுன் வேலை. தலைவிளக்கு வெளிச்சம் பட்டையில் இருக்கும், கால் இருட்டில் இருக்கும். அதனால் கெண்டைக்கால் வரை ரப்பர் பூட்ஸ் வேண்டும். நிற்கும் இடத்துச் சருகை முந்தின நாள் பகலிலேயே நீளக் கம்பால் தள்ளிவிட வேண்டும். கீழே விழுந்த பால் பிடிக்கும் சிரட்டையைக் கம்பால் புரட்டிப் பார்த்தே எடுக்க வேண்டும்.

கடித்தால் மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கயிறு கட்டுவதும் கீறுவதும் கேடு. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டாம். தள்ளி நின்று ஒரு போட்டோ எடுக்க முடிந்தால் போதும். அந்தப் போட்டோவுக்கு மதிப்பு உண்டு. நம் நாட்டு விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை வைத்துத் தயாராவது; குழிவிரியன் விஷத்தை அது முறிப்பதில்லை. சுருட்டை என்று தவறாக நினைத்தால் குப்பி குப்பியாக ஏற்றியும் ரத்தம் உறையாமல் நிற்கும்.

ஆஸ்பத்திரியில் 2 மில்லி ரத்தத்தைக் காய்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்து, உறைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்ப்பார்கள். சோப்புப் போட்டுக் கழுவிய குழாய் என்றால் நல்ல ரத்தமும் உறையாது போகலாம். முதல் தடவை உறைந்துவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வீக்கத்தையே பார்த்துக்கொண்டிராமல் மூத்திரம் குறைகிறதா என்றும் கவனியுங்கள், இந்த விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.