கை மாறும் புத்தகம்: ஒரு பதிப்பக நாட்குறிப்பு

மார்ச் 4, 2024

மூன்று பாகத் தொடரின் முதல் நாவல் முழுமையாக வந்துவிட்டது. 84,000 சொல். அமெரிக்காவில் ‘ஸ்ட்ரீட் லிட்’ என்று சொல்லப்படும், கறுப்பின மக்களின் நகர வாழ்வைச் சொல்லும் நகர்ப்புறப் புனைவின் வாசகர்கள் ஒரு பாகத்தோடு நிற்க மாட்டார்கள். அடுத்தது தாமதமானால் வேறு தொடருக்குப் போய்விடுவார்கள், திரும்பக் கூப்பிடுவது கடினம். அதனால் இரண்டாம் பாகத்தின் வரைவு கையில் இருந்தால்தான் முதல் பாகத்துக்குத் தேதி குறிப்பது.

ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம். ‘புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும்’ என்ற பழைய வரி இன்று செல்லாக்காசு. ஆர்டர் வந்தபோது மட்டும் அச்சிடும் பிரிண்ட் ஆன் டிமாண்டில் எந்தப் புத்தகமும் அச்சில் இல்லாமல் போவதே கிடையாது. அதற்குப் பதிலாக, தொடர்ந்து இரண்டு அரையாண்டுக் கணக்கில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை திரும்பும் என்று எண்ணைப் போட்டு எழுதியாயிற்று. எழுத்தாளருக்கு நியாயமான வழி இதுதான்.

மார்ச் 19

பிரதி திருத்தம். இந்த வகை நாவல் கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கறுப்பின ஆங்கிலத்துக்கென்று தனி இலக்கணம் உண்டு. ‘ஹீ வொர்க்கிங்’ என்றால் அவன் இப்போது வேலையில் இருக்கிறான். ‘ஹீ பீ வொர்க்கிங்’ என்றால் அவன் வழக்கமாக வேலைக்குப் போகிறவன். பாடப்புத்தக ஆங்கிலம் மட்டும் தெரிந்த திருத்துநர் இரண்டையும் ‘ஹீ இஸ் வொர்க்கிங்’ ஆக்கிவிடுவார். 41ஆம் பக்கத்தில் ஒரு தாய் தன் மகனைப் பற்றி போலீஸ்காரரிடம் சொல்வது இரண்டாவது வாக்கியம். அதைத் திருத்தினால் அவள் மகனுக்காகக் கொடுக்கும் சாட்சியமே மாறிவிடுகிறது. வட்டார வழக்கில் எழுதுகிற நம்மவர்களுக்கு இந்த வலி புரியும்.

பாத்திரம் வாரியாக மொழித்தாள் ஒன்று தயாரித்தோம்: யார் எந்த வடிவத்தைச் சொல்வார், யாரிடம் பேசும்போது மாற்றுவார், சொல் முடிவில் எழுத்து விழுமிடத்தில் அப்பாஸ்ட்ரஃபி குறி (’) உண்டா இல்லையா. திருத்துநர், மெய்ப்பு பார்ப்பவர், ஒலிப்புத்தகம் வாசிப்பவர் மூவருக்கும் அதே தாள். வழக்கை அறிந்த திருத்துநருக்குக் கூடுதல் கூலி கொடுப்பது வீண் செலவு அல்ல.

மார்ச் 27

பாட்டு வரிகள். கையெழுத்துப் பிரதியில் ஏழு இடத்தில் ராப் வரிகள். ‘இரண்டு வரி வரைக்கும் பரவாயில்லை’ என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு பாதுகாப்பு வரம்பு சட்டத்தில் இல்லை. பாட்டின் பெயருக்குக் காப்புரிமை கிடையாது, வரிக்கு உண்டு. ஏழையும் எடுத்துவிட்டு, பாட்டின் பெயரும் காரின் கண்ணாடி அதிர்வதும் போதும் என்று எழுத்தாளர் மாற்றி எழுதினார். ஆறு இடம் முன்பைவிட நன்றாக அமைந்துவிட்டது.

ஏப்ரல் 9

ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு நூல் வடிவத்துக்கும் உரிய சர்வதேச அடையாள எண். அமெரிக்காவில் பௌக்கர் நிறுவனத்திடம் ஒரு எண் 125 டாலர், பத்து எண் 295 டாலர். பேப்பர்பேக்குக்கு ஒன்று, மின்னூலுக்கு ஒன்று, மூன்று பாகத்துக்கு ஆறு. பத்தாகவே வாங்கியாயிற்று. விற்பனைத் தளங்கள் இலவசமாகத் தரும் எண் வேண்டாம். பதிப்பாளர் என்ற இடத்தில் நம் பெயர் வராது, அந்த எண்ணை வேறு அச்சகத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது.

நூலகங்கள் நூலைப் பட்டியலிட உதவும், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் கட்டுப்பாட்டு எண்ணுக்கும் விண்ணப்பித்தாயிற்று. கட்டணம் இல்லை, ஆனால் வெளியீட்டுக்கு முன்பே கேட்டாக வேண்டும். பொது நூலகங்களில் இந்த வகை நூல்களுக்கு நல்ல கிராக்கி இருப்பதால் இதை விடக்கூடாது.

ஏப்ரல் 30

அட்டை. கறுப்புப் பின்னணி, கறுப்பு நிறப் பெண்ணின் முகம். திரையில் அழகாக இருந்தது. முதல் மாதிரி அட்டையில் கன்னத்துக்குக் கீழே எல்லாம் ஒரே கரி. திரை ஒளியால் காட்டுகிறது, தாளுக்கு ஒளி கிடையாது. நான்கு மைக்கு மாற்றும்போது கருந்தோலின் நிழல் பகுதிதான் முதலில் அடைத்துக்கொள்கிறது. நடுத்தர நிறத்தை மட்டும் தூக்கி, நிழலில் மஞ்சளையும் சிவப்பையும் தனித்தனியாகச் சரிசெய்து மறுபடி மாதிரி எடுக்க வேண்டும். மொத்தப் படத்தையும் வெளுப்பாக்குவது தீர்வு ஆகாது. அது அந்தப் பெண்ணின் நிறத்தையே மாற்றுவது.

பின்னணிக் கறுப்புக்கு நீலம் 60, சிவப்பு 40, மஞ்சள் 40, கறுப்பு 100. கூட்டினால் 240 சதவீதம், அச்சிட்டு வினியோகிக்கும் இங்கிராம்ஸ்பார்க் நிறுவனம் அனுமதிக்கும் மை உச்சவரம்பு அதுவேதான். அதற்கு மேல் போனால் மை காயாது, அடுத்த அட்டையில் ஒட்டும். உள்பக்க எழுத்துக்குத் தனிக் கறுப்பு மட்டும். பளபளப்பு லேமினேஷன் தேர்ந்தெடுத்தோம். மேட் லேமினேஷன் கடையில் நன்றாகத் தெரியும், ஆனால் இருண்ட அட்டையில் விரல் ரேகையும் உராய்வும் உடனே பதியும்.

மே 14

மெய்ப்புப் பிரதி வந்தது, புத்தக முதுகில் வர வேண்டிய எழுத்து முன்பக்கம் வழிந்திருக்கிறது. காரணம் எளிது. 320 பக்கம், கிரீம் தாளில் பக்கத்துக்கு 0.0025 அங்குலத் தடிமன் என்றால் முதுகு 0.8 அங்குலம். அட்டை வரைந்தவர் வெள்ளைத் தாளின் 0.00225 கணக்கில் 0.72 போட்டிருக்கிறார். இரண்டு மில்லிமீட்டர் தள்ளிவிட்டது. தாளை முடிவு செய்யாமல் முதுகு வரையச் சொல்லக் கூடாது.

பிறகு பைண்டிங். இந்த நாவல்கள் ஒருவர் வாங்கி அலமாரியில் வைப்பவை அல்ல. அக்காவிடமிருந்து தங்கைக்கு, முடிவெட்டும் கடை நாற்காலியிலிருந்து அடுத்தவர் மடிக்கு என்று போகும். நடுப்பக்கத்தைத் திறந்து மேசைமேல் அழுத்தினோம். பசை ‘டப்’ என்று பிளந்து ஒரு தாள் தனியாக வந்தது. சாதாரண ஈவிஏ பசை குளிரில் விறைத்துப்போகும். ஆஃப்செட்டில் போகும் ஆயிரம் பிரதிக்கு பியூஆர் பசை கேட்டிருக்கிறோம். விலை கூடுதல், முழுதாக இறுக ஒரு நாள் ஆகும், ஆனால் புத்தகம் தட்டையாக விரியும். தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்றும் ஆர்டரில் எழுதியாயிற்று. குறுக்கே ஓடினால் ஈரக்காற்றில் பக்கங்கள் அலையலையாக நிற்கும்.

ஜூன் 6

கணக்கு. விலை 14.99 டாலர். மொத்த விற்பனைக் கழிவு 55 சதவீதம், நமக்கு வருவது 6.75. அச்சு 3.80. வரவில் 25 சதவீதம் ராயல்டி, 1.69. மிச்சம் 1.26. இதில்தான் திருத்தம், அட்டை, விளம்பரம் எல்லாம். கடைகள் திருப்பி அனுப்பும் பிரதிகளும் இதில்தான் வந்து விழும், அதனால் முதல் அரையாண்டில் ராயல்டியில் ஒரு பங்கை நிறுத்திவைக்கும் விதி ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். நேரடி விற்பனையில் அந்த 55 சதவீதம் நம்மிடமே இருக்கிறது. 1990களில் இந்த வகை எழுத்தாளர்கள் கார் டிக்கியில் வைத்து விற்றதற்குப் பின்னால் இருந்ததும் இதே கணக்குதான்.

ஜூலை 11

மின்னூலை அமேசானின் சந்தா வாசிப்புச் சேவையான கிண்டில் அன்லிமிடெடில் போட்டால், 2024 விதிப்படி 90 நாள் வேறெங்கும் மின்வடிவில் விற்கக் கூடாது, நூலகத்துக்கும் தர முடியாது. இந்த வாசகர்களில் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறார்கள். முதல் பாகத்துக்கு ஒரு சுற்று, பிறகு நூலகத்துக்கு.

ஆகஸ்ட் 20

சிறைக் கைதிகளுக்கான ஆர்டர்கள், 60 பிரதி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு, ஆனால் பல இடங்களில் பொதுவானது: புதுப் பேப்பர்பேக், பதிப்பாளரோ கடையோ நேரடியாக அனுப்ப வேண்டும். ஹார்ட்பேக்கைப் பதிப்பாளர், புத்தகக் கழகம், புத்தகக் கடை ஆகியவற்றிடமிருந்து நேரடியாக வந்தால் மட்டும் அனுமதிப்பது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979இல் பெல் எதிர் வுல்ஃபிஷ் வழக்கில் சொன்னது. உறையில் பதிப்பகப் பெயர், உள்ளே விலைப்பட்டியல், கைதியின் முழுப் பெயரும் எண்ணும். ஸ்டிக்கர், புக்மார்க், எழுத்தாளர் கையெழுத்து எதுவும் வேண்டாம், திரும்பி வரும். புத்தகங்களுக்கான சலுகைத் தபாலான மீடியா மெயிலில் போவதால் விளம்பரத் துண்டுத்தாளும் கூடாது. அடுத்த பாகத்தின் அறிவிப்பு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது.

செப்டம்பர் 12

காப்புரிமைப் பதிவு முடிந்தது, 45 டாலர். வெளியான மூன்று மாதத்துக்குள், அல்லது திருட்டு தொடங்கும் முன்பே பதிந்தால்தான், திருட்டு பிடிஎஃப் மீது வழக்குப் போடும்போது சட்டம் நிர்ணயித்த இழப்பீடும் வழக்கறிஞர் செலவும் கேட்க முடியும்.

ஒரு கூட்டாட்சிச் சிறையிலிருந்து இரண்டு பிரதிகளும் மறுப்புக் கடிதமும் வந்தன. காரணம்: 212ஆம் பக்கம், போதைப்பொருள் தயாரிப்பு. கூட்டாட்சி விதிப்படி சிறை நிர்வாகம் தடைப் பட்டியல் வைக்கக் கூடாது, ஒவ்வொரு நூலையும் தனியாகப் பார்க்க வேண்டும். பதிப்பாளர் 20 நாளுக்குள் மண்டல இயக்குநருக்கு எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். 212ஆம் பக்கத்தில் அடுப்பும் ஒரு பையனின் நடுங்கும் கையும் இருக்கின்றன. அளவோ செய்முறையோ ஒரு வரிகூட இல்லை. பக்கத்தின் நகலை இணைத்துக் கடிதம் பதிவுத் தபாலில் போயிற்று. இரண்டாம் பாகத்தில் இதுபோன்ற இடங்கள் மூன்று, எழுத்தாளரிடம் இப்போதே காட்டியாயிற்று.

அதன் மெய்ப்பு திங்கட்கிழமை வருகிறது. 296 பக்கம், கிரீம் தாள், முதுகு 0.74 அங்குலம்.