ஆறு டிகிரி வண்டி, ஒன்பது டிகிரி முற்றம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இடது கால் முழுசாகத் திரும்பவில்லை. கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடப்பார், முக்குக் கடை வரை போக முடியாது. அந்தக் கடையில் உட்கார்ந்து டீ குடித்துப் பேப்பர் பார்த்தால்தான் அவருக்கு நாள் தொடங்கும். அதனால் போன மாதம் ஒரு நான்கு சக்கர மின்சார ஸ்கூட்டர் வாங்கினோம். முன்னால் கூடை வைத்து, சுழலும் இருக்கையோடு, நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டுவார்களே, அந்த வகை. கடையில் "சிஇ இருக்கு, எஃப்டிஏ இருக்கு, லைசென்ஸ் வேண்டாம்" என்றார்கள். சிஇ என்பது ஐரோப்பிய முத்திரை, எஃப்டிஏ என்பது அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம். பிளாஸ்டிக் உறையில் இரண்டு தாளும் கொடுத்தார்கள். நான் வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம், விளவங்கோடு பக்கம். இந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ரோடு ஒரு மட்டம், முற்றம் வேறு மட்டம், நடுவில் ஒரு ஏற்றம். மூன்றாம் வாரம் ஒரு நாள் சார்ஜ் தீர்ந்து வண்டி வாசலுக்கு முன்னால் நின்றுவிட்டது. அக்கா மகன் பின்னால் இருக்கும் சிவப்பு லீவரைச் சாய்த்து நியூட்ரலில் போட்டு, "பாட்டா, நீங்க இரிங்க, நான் தள்ளுறேன்" என்று தள்ளியிருக்கிறான். பாதி ஏற்றத்தில் அவன் கால் வழுக்கியது. வண்டி அப்பாவோடு பின்னால் உருண்டு, கீழே மண் திட்டில் முட்டி நின்றது. முழங்காலுக்குக் கீழே மூன்று தையல். அதோடு போயிற்று, ரோட்டில் அந்த நேரம் பஸ் எதுவும் வரவில்லை.

அப்பா சொன்னது இதுதான்: "பிரேக்க நல்லா பிடிச்சேன் மக்களே, நிக்கல."

அவர் பிடித்தது பிரேக்கே இல்லை. முப்பது வருடம் டிவிஎஸ் 50 ஓட்டிய கை அது. பயந்தால் லீவரை இறுக்கும். இந்த ஸ்கூட்டரில் கைக்கடியில் இருக்கும் லீவரை அழுத்தினால் வண்டி ஓடும், விட்டால் நிற்கும். பிரேக் மோட்டாரோடு சேர்ந்த மின்காந்த பிரேக். கரண்ட் வந்தால் பிடி விடும், கரண்ட் நின்றால் பிடித்துக்கொள்ளும். அதனால் சார்ஜ் தீர்ந்தாலும் சக்கரம் இறுகித்தான் நிற்கும். அதை அவிழ்க்கிற ஒரே வழி அந்தச் சிவப்பு லீவர். நியூட்ரலில் போட்ட பிறகு எங்கள் வண்டியில் நிறுத்துவதற்கு எதுவுமே கிடையாது. இதை ஒரு கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

அன்றைக்கு ராத்திரிதான் அந்தத் தாள்களை எடுத்து ஒழுங்காகப் படித்தேன். எஃப்டிஏ தாளில் தங்க நிற முத்திரை எல்லாம் இருக்கிறது, ஆனால் கொடுத்தது ஒரு தனியார் நிறுவனம். "பதிவு செய்யப்பட்டுள்ளது" என்றுதான் போட்டிருக்கிறது. பதிவு என்பது அனுமதி ஆகாது, பதிவுக்கு எஃப்டிஏ சான்றிதழ் எதுவும் கொடுப்பதும் இல்லை, இதை அவர்களே இணையதளத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்த மாதிரி மோட்டார் வண்டி இரண்டாம் வகுப்பு மருத்துவ சாதனம். விற்பதற்கு முன் 510(கே) என்ற வழியில், ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ஒரு வண்டிக்கு இது பாதுகாப்பிலும் வேலையிலும் சமம் என்று சோதனை முடிவுகளோடு காட்ட வேண்டும். அந்த அனுமதி கிடைத்தால் ஆங்கில 'கே' எழுத்தும் ஆறு இலக்கமும் சேர்ந்த ஒரு எண் இருக்கும், எஃப்டிஏ தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். என் தாளில் அப்படி ஒரு எண்ணே இல்லை.

சிஇ கதை வேறு. ஐரோப்பாவில் இது முதலாம் வகுப்பு, தயாரிப்பாளரே தன் பொறுப்பில் அறிவித்து முத்திரை குத்திக்கொள்ளலாம். அதில் தப்பில்லை, ஆனால் அந்த அறிவிப்புத் தாளில் 2017/745 என்ற மருத்துவ சாதன ஒழுங்குமுறையும், மின்சார சக்கர நாற்காலிக்கும் ஸ்கூட்டருக்குமான இஎன் 12184 என்ற தரநிலையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்னிடம் இருந்த தாளில் இரண்டுமே இல்லை. அது வண்டிக்கான தாளே இல்லை, சார்ஜருக்கானது!

அப்புறம் "லைசென்ஸ் வேண்டாம்" என்ற பேச்சு. நம் நாட்டு மோட்டார் வாகன விதியில் மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது என்று இருப்பது உண்மைதான். ஆனால் அதை புனே ஏஆர்ஏஐ மாதிரி அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையம் சரிபார்த்துச் சான்று தர வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. கடையில் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

சரி, உண்மையிலேயே சோதித்தால் என்ன செய்வார்கள்? சக்கர நாற்காலிக்கும் இந்த ஸ்கூட்டருக்கும் ஐஎஸ்ஓ 7176 என்று ஒரு தரநிலை வரிசை இருக்கிறது. மனித எடையுள்ள பொம்மையை உட்கார வைத்து வண்டியைச் சாய்மேடையில் ஏற்றி, முன்னால், பின்னால், பக்கவாட்டில் எத்தனை டிகிரியில் கவிழ்கிறது என்று அளப்பார்கள். மேடு வைத்த உருளைகள் மேல் 2,00,000 சுற்று ஓட்டுவார்கள். அது முடிந்து 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 6,666 தடவை போடுவார்கள். இறக்கத்தில் பிரேக் எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறது, மழை பட்ட பிறகு ஓடுகிறதா, பக்கத்தில் ரேடியோ அலை இருந்தால் கன்ட்ரோலர் தானாகத் துள்ளுகிறதா என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி பாகம் உண்டு. வருடத்தில் இரண்டு பருவமழை நனைகிற நம் மாவட்டத்துக்கு இதில் எதுவும் வேண்டாத சோதனை இல்லை.

ஆனால் நம் ஆட்கள் முதலில் கேட்க வேண்டியது சரிவு. இஎன் 12184-இல் வண்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: வீட்டுக்குள் ஓடும் ஏ வகைக்கு 3 டிகிரி, உள்ளேயும் வெளியேயும் ஓடும் பி வகைக்கு 6, வெளியே ஓடும் பெரிய சி வகைக்கு 10. எங்கள் வண்டியின் கையேட்டில் கடைசிக்கு முந்தின பக்கத்தில், எறும்பு மாதிரி எழுத்தில், 6 டிகிரி என்று இருந்தது. மறுநாள் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி முற்றத்தை அளந்தேன். ஒரு மீட்டர் பலகையின் மேல்முனையைத் தரையில் வைத்து, மட்டம் பார்த்து, கீழ்முனை தரையிலிருந்து எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று டேப்பால் பிடித்தால் போதும். 10.5 சென்டிமீட்டர் என்றால் 6 டிகிரி. எனக்கு வந்தது 16. அதாவது 9 டிகிரி. சார்ஜ் முழுசாக இருந்த நாட்களிலும் அந்த வண்டி ஏறியிருக்கவே கூடாத ஏற்றத்தில்தான் அப்பா தினமும் ஏறி இறங்கியிருக்கிறார்.

இதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு கலங்குகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு இந்த வண்டியை ஆன்லைனில் போட்டு அனுப்புவது நம் பக்கம் இப்போது கூடிக்கொண்டே வருகிறது. தயவுசெய்து அனுப்பும் முன் வீட்டில் இருக்கும் யாரிடமாவது சொல்லி முற்றத்தின் சரிவை அளக்கச் சொல்லுங்கள். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். வண்டி வந்த முதல் நாள் சமதரையில் நிறுத்தி, "பயந்தா கைய விட்டுரணும்" என்று இருபது தடவையாவது பழக்குங்கள், குறிப்பாக டூவீலர் ஓட்டியவர்களுக்கு. சரிவில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது நியூட்ரல் லீவரை யாரும் தொடக்கூடாது. நாங்கள் அதன் மேல் துணி சுற்றிக் கட்டிவிட்டோம்.

கடைக்கு எழுதி சோதனை அறிக்கை கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. முற்றத்தைச் சரிசெய்யும் வேலையும் தொடங்கியாயிற்று. ரோட்டுக்கும் வாசலுக்கும் 96 சென்டிமீட்டர் வித்தியாசம், இப்போதைய ஏற்றம் ஆறு மீட்டர்தான். சக்கர நாற்காலி சாய்தளத்துக்குச் சொல்லும் ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கில் போட்டால் பதினொன்றரை மீட்டர் வேண்டும். நேராக இடம் இல்லை, மதிலோரமாக வளைத்துத்தான் எடுக்க வேண்டும். கொத்தனார் திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அந்த ஓரத்தில் அப்பா நட்ட மரச்சீனி ஏழு மூடு நிற்கிறது, இன்னும் கிழங்கு பருக்கவில்லை. நாளைக்கு எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும் என்று நேற்று அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கம்பை மட்டும் விட்டுவை, அந்தப் பக்கம் நட்டுக்கலாம் என்றார்.