யார் முடிவு செய்திருக்க வேண்டும்?

"நீங்கள் சொன்னால் அதை நிறுத்திவிடுகிறேன் சார்" என்றார் அந்த மாணவி. "இது உன் ஆய்வும்மா, நீயே முடிவு செய்" என்றேன். அந்தப் பதில் சரிதானா என்பது இன்றும் எனக்குத் தெளிவாகவில்லை.

பரிமாற்றத் திட்டத்தில் கோயம்புத்தூரிலிருந்து பினாங்குக்கு ஒரு பருவம் வந்திருந்தவர் அவர். அவருடைய நெறியாளர் அங்கே. நான் இங்கே பார்த்துக்கொள்பவன் மட்டுமே. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறும் நேரத்து நெரிசலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு போக்குவரத்துச் சாலைவிளக்கையும், தானே கற்று முடிவெடுக்கும் நிரலாக, அதாவது ஒரு முகவராக, அமைத்திருந்தார். இப்படிப் பல முகவர்கள் சேர்ந்து இயங்கும் பல்முகவர் அமைப்புகளில் உள்ள பெரிய சிக்கல், பக்கத்து முகவரும் அதே வேளையில் கற்று மாறிக்கொண்டிருப்பதால், ஒன்று நேற்றுக் கற்றது இன்று பொருந்தாமல் போவதுதான். ஆனாலும் அவருடைய வரைபடத்தில் காத்திருப்பு நேரம் அழகாக இறங்கியிருந்தது. ஊரில் நெறியாளருக்கும் அதில் மகிழ்ச்சி.

பிறகு அவரே ஒன்றைக் கவனித்தார். நாங்கள் பயன்படுத்திய சுமோ என்னும் சிமுலேஷன் மென்பொருளில், 300 வினாடிக்கு மேல் நகர முடியாமல் நிற்கும் வாகனத்தைச் சாலையிலிருந்து தூக்கி, அதன் வழியிலேயே இடமுள்ள இன்னொரு பகுதியில் இறக்கிவிடுவது, நாம் மாற்றாதவரை இருக்கும் இயல்பான அமைப்பு. திரையில் மஞ்சள் வாகனங்கள் சந்திப்பை அடைத்துக்கொண்டு நிற்கும்; திடீரென ஒன்று மறையும்; அந்த இடைவெளியில் வரிசை நகரத் தொடங்கும். முகவர்களால் தீர்க்க முடியாததை மென்பொருள் தீர்த்துக்கொண்டிருந்தது. அந்த 300 என்ற எண்ணை -1 என்று மாற்றி அமைப்பை நிறுத்திவிட்டால், காத்து நின்றதற்காக எதுவும் மறையாது; அதைத்தான் அவர் என்னிடம் கேட்டார். ஆனால் எல்லாப் பயிற்சிகளையும் மீண்டும் ஓட்ட வேண்டும். அவருக்கோ விமானச்சீட்டு எடுத்தாகிவிட்டது.

நான் ஏன் கட்டளையிடவில்லை? அந்த ஆய்வேடு என்னுடையது அன்று. நான் சொன்னதற்காக, திரும்பிப் போய்த் தன் நெறியாளரோடு மோத வேண்டியவர் அவர்தான். இயல்பான அமைப்பை அப்படியே விட்டுவைப்பது மோசடியும் ஆகாது. தானே கண்டுபிடித்தவருக்குத் தானே தீர்மானிக்கும் உரிமை உண்டு. அதைப் பழகத்தானே பிள்ளைகள் நாடுவிட்டு நாடு வருகிறார்கள்? இந்தக் காரணங்களில் எதையும் நான் இன்றும் கைவிடவில்லை.

ஆனால், பட்டம் இன்னொருவர் கையில் இருக்க, நாள்களும் தீர்ந்துகொண்டிருக்கும் ஒருவருக்குக் கொடுக்கும் சுதந்திரம் எத்தகையது? நான் "நிறுத்து" என்று சொல்லியிருந்தால், "பினாங்கில் அப்படித்தான் சொன்னார்கள்" என்று சொல்லிக்கொள்ளவாவது அவருக்கு ஒரு துணை இருந்திருக்கும். அவர் கேட்டது அனுமதியை அன்று, அந்தத் துணையைத்தான் என்று சில வேளைகளில் தோன்றுகிறது. அப்படிச் சொல்லியிருந்தால் அவர் செய்தது ஆய்வாக இராது, கீழ்ப்படிதலாகத்தான் இருந்திருக்கும் என்றும் உடனே தோன்றுகிறது.

அவர் அமைப்பை மாற்றவில்லை. மாறாக, ஒவ்வொரு அட்டவணையிலும் அவ்வாறு தூக்கப்பட்ட வாகனங்களின் எண்ணிக்கைக்கென ஒரு நெடுவரிசையைச் சேர்த்தார். நேர்மையான செயல் என்றே அதைக் கருதுகிறேன். எனினும், முடிவுரையைப் படிப்பவர்களில் எத்தனை பேர் அந்த நெடுவரிசையைத் தேடிப் பார்ப்பார்கள்?

இப்போது வரும் பரிமாற்ற மாணவர்களிடம், எந்த வரைபடமானாலும் தூக்கப்பட்ட வாகனங்களின் எண்ணிக்கை அதன் மீதே இருக்க வேண்டும் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் மறுப்பதில்லை. ஆனால் அவரைப் போலத் திரையை உற்றுப் பார்த்து, ஏன் ஒரு வாகனம் மறைந்தது என்று கேட்டுக்கொண்டு என் அறைக்கு இதுவரை எவரும் வரவில்லை.