செர்ரி இறால் தொட்டி: ஒரு சென்னை நாட்குறிப்பு

2024 நவம்பர் 3, ஞாயிறு

சென்னையில் இறால் தொட்டி தொடங்க ஐப்பசியை விட்டால் நல்ல காலம் இல்லை. மழை பிடித்துவிட்டது, அறையின் சூடு இறங்கத் தொடங்கிவிட்டது. இப்போது ஆரம்பித்தால் மார்கழியும் தையும் முழுசாகக் கைக்குக் கிடைக்கும். சித்திரை வெயில் வருவதற்குள் குஞ்சுகள் ஓரளவு வளர்ந்துவிடும். ஏப்ரலில் ஆரம்பித்தால் வெயிலோடும் பக்குவப்படாத தொட்டியோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

வளர்க்கப்போவது சிவப்பு செர்ரி இறால் (நியோகாரிடினா டேவிடி), அழகுக்காக வளர்க்கும் சின்ன நன்னீர் இறால். முட்டையிலிருந்து வரும்போதே தாயின் அச்சாக, குட்டி இறாலாகவே வெளிவரும். அமானோ இறால் அப்படி இல்லை. அதன் லார்வாக்களுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும், வீட்டில் அது தனி வேலை. கிரிஸ்டல் ரெட் வகைக்கு மென்னீரும், பிஎச் 6-ஐ ஒட்டிய அமிலத்தன்மையும், 20 முதல் 24 டிகிரி குளிர்ச்சியும் தேவை. ஏசியோ தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரோ இல்லாத வீட்டில் அதைத் தொட வேண்டாம்.

தொட்டி 60×30×30 செ.மீ. மணலும் மேல்விளிம்பு இடைவெளியும் போக ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதைவிடச் சின்னத் தொட்டி மலிவு என்று தோன்றும், ஆனால் 10 லிட்டர் தொட்டியில் ஒரு பிற்பகலுக்குள் சூடும் உப்பும் மாறிவிடும். இறாலைக் கொல்வது பெரும்பாலும் அந்த வேகம்தான்.

அடியில் 3 செ.மீ. கருப்பு மணல், எதனோடும் வினைபுரியாதது. ஒரு கைப்பிடி மணலில் வினிகர் ஊற்றிப் பார்த்தோம், நுரைக்கவில்லை. நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள், கடினத்தன்மை தானாக ஏறிக்கொண்டே போகும். வடிகட்டி ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும். மோட்டார் ஃபில்டர் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் குழாயில் ஒரு செக் வால்வு கட்டாயம். இல்லையென்றால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி பம்புக்குள் இறங்கும்.

நவம்பர் 5, செவ்வாய்

இன்று முழுக்கத் தண்ணீர் வேலை. போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு) 900-க்கு மேல்; அதை ஒதுக்கியாயிற்று. லாரித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு மாதிரி வருகிறது. எனவே வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை எடுத்து, அதில் தேவையான உப்புகளை நாமே சேர்ப்பதுதான் வழி.

ஒரு எச்சரிக்கை. இப்போது விற்கும் ஆர்.ஓ. இயந்திரங்கள் சிலவற்றில் 'செம்புச் சத்து' சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. நமக்கு நல்லதோ என்னவோ, இறாலுக்கு அது விஷம். அந்த கார்ட்ரிட்ஜுக்கு முன்னால் இருந்து தண்ணீர் பிடிக்க முடியாவிட்டால் அந்த இயந்திரமே வேண்டாம். செம்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரும் கூடாது.

10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு எங்கள் கணக்கு: கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 1.3 கிராம், எப்சம் உப்பு 0.9 கிராம், சமையல் சோடா 0.9 கிராம். ஜிஎச் (கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை) 7, கேஎச் (பிஎச்சை நிலையாக வைக்கும் கார்பனேட் அளவு) 3 வாக்கில் நிற்கும். டிடிஎஸ் 250-ஐ ஒட்டி வரும். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு இல்லாமல் இதைச் செய்யக்கூடாது, ஸ்பூன் அளவு நம்பகமில்லை. மூன்றையும் ஒரே டம்ளரில் போட்டுக் கரைத்தால் சோடாவும் கால்சியமும் சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும், கால்சியம் வீண். முதலில் எப்சம் உப்பையும் கால்சியத்தையும் தனித்தனியே கரைத்து வாளியில் ஊற்றிக் கலக்கி, கடைசியாக, நிறையத் தண்ணீரில் கரைத்த சோடாவை ஊற்ற வேண்டும். பிறகு ஏர் ஸ்டோன் போட்டு ஒருநாள் விட்டுவிடுவது நல்லது. கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும், டப்பாவை இறுக மூடி வைக்கவும். ஆய்வகத் தரத்தில் பாரிமுனை கெமிக்கல் கடைகளில் கிடைக்கும்.

நவம்பர் 9, சனி

ஜாவா பாசியை இரண்டு துண்டுக் கல்லில் நூலால் கட்டி இறக்கியாயிற்று. செடி எங்கிருந்து வருகிறது என்பதில் கறாராக இருக்க வேண்டும். நர்சரியில் பூச்சிமருந்து பட்ட செடி ஒன்று போதும், தொட்டி முழுக்கக் காலி. ஆய்வகத்தில் வளர்த்த டிஷ்யூ கல்ச்சர் டப்பாச் செடி பாதுகாப்பு. மற்றவற்றைத் தனி வாளியில் இரண்டு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட வேண்டும்.

இன்று சைக்கிளிங் ஆரம்பம்: நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைக் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை ஸ்பாஞ்சில் வளர்க்கும் வேலை. 40 லிட்டருக்கு 0.25 கிராம் அம்மோனியம் குளோரைடு, சுமார் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) அம்மோனியா தரும். பாத்திரத்துக்கு ஈயம் பூசப் பயன்படும் நவச்சாரமும் இதே பொருள்தான், ஆனால் அதில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆய்வகத் தரமே வேண்டும். பழைய மீன்தொட்டியின் ஸ்பாஞ்ச் இருந்தால் அதைப் பிழிந்து விடலாம், பாக்டீரியா சீக்கிரம் பிடிக்கும். அந்தத் தொட்டியில் செம்பு கலந்த மருந்து போட்டிருக்கக்கூடாது.

நவம்பர் 24, ஞாயிறு

அம்மோனியா இறங்குகிறது, நைட்ரைட் உச்சத்தில் நிற்கிறது. டெஸ்ட் கிட்டில் அடர் ஊதா. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கிறது. உள்ளே நைட்ரைட் நஞ்சு இருப்பது தெரியாமல், இந்தத் தெளிவைப் பார்த்துத்தான் பலர் இந்த வாரம் இறாலை வாங்கி விடுகிறார்கள்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல் இன்று கரையேறுகிறது. தொட்டியில் உயிர் எதுவும் இல்லையென்றாலும் ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாவுக்குப் பிராணவாயு வேண்டும். யுஎஸ்பி ஏர் பம்பையும் பவர் பேங்கையும் தயாராக வைத்தாயிற்று. 1 வாட் அளவே இழுப்பதால் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒரு நாளைத் தாண்டி ஓட்டும். சில பவர் பேங்குகள் இவ்வளவு சின்னச் சுமையை உணராமல் தாமாக அணைந்துவிடும், புயலுக்கு முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 14, சனி

நேற்று போட்ட அம்மோனியா இன்று பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் 40. அதே அளவு உப்பு கலந்த தண்ணீரால் பாதியை மாற்றியாயிற்று. கண்ணாடியில் பழுப்புப் படலம் பிடித்திருக்கிறது. சுரண்ட வேண்டாம், இறாலின் முதல் சாப்பாடு அதுதான். இன்னும் ஒரு வாரம் சும்மா ஓடட்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

கொளத்தூரிலிருந்து இருபது இறால். வாங்கும்போது கவனிக்க வேண்டியது நிறம் மட்டுமல்ல. ஒன்று ஒன்றரை செ.மீ. நீள இளசுகள் நல்லது. புது இடத்துக்குப் பழகும், முழு ஆயுளும் மிச்சம் இருக்கும். இந்த இனத்துக்கு வாழ்நாளே ஒன்றிலிருந்து இரண்டு வருடம்தான். முட்டை சுமக்கும் தாயைக் காட்டி ஆசை காட்டுவார்கள். இடம் மாறிய அதிர்ச்சியில் அது முட்டையை உதிர்த்துவிடும் வாய்ப்பு அதிகம். ஒரே நிறமாக, ஒரே தொட்டியிலிருந்து எடுக்கவும். கடைத் தொட்டியில் இறால்கள் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கின்றனவா என்று ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மேய்கிற இறால் நலமாக இருக்கிறது.

பையின் டிடிஎஸ் 480, நம் தொட்டி 255. அப்படியே கொட்டினால் உடனே சாகாது, இரண்டு மூன்று நாளில் ஒவ்வொன்றாகப் போகும். பையை ஒரு டப்பாவில் கவிழ்த்து, ஏர் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் விநாடிக்கு இரண்டு சொட்டு விழும்படி விட்டாயிற்று. தண்ணீர் மூன்று மடங்கானதும் பாதியைக் கொட்டிவிட்டு மறுபடி. டப்பாவின் டிடிஎஸ் தொட்டியோடு ஒட்டி வர மூன்று மணி நேரம் பிடித்தது. வலையால் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. இன்று தீனி இல்லை, விளக்கும் இல்லை.

டிசம்பர் 27, வெள்ளி

தெருவில் கொசுப் புகை அடிக்கிறார்கள். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கொசு மருந்துகளில் இருக்கும் பைரித்ராய்டு, இறால் போன்ற ஓட்டுடலிகளுக்கு மிகச் சிறு அளவிலேயே நஞ்சு. ஜன்னலைச் சாத்தி, பம்பை ஒரு மணி நேரம் நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் மூடியாயிற்று. தொட்டி உள்ள அறையில் கொசுவர்த்தி, லிக்விட் மெஷின், கரப்பான் ஸ்பிரே எதுவும் கூடாது, கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். ஸ்பிரே பிடித்த கையை நன்றாகக் கழுவாமல் தண்ணீரில் விடவும் கூடாது.

2025 ஜனவரி 5, ஞாயிறு

மூலையில் வெள்ளையாக ஒரு இறால் கிடக்கும். செத்துப்போனது என்று பதறத் தோன்றும். கழற்றிப் போட்ட சட்டை, அதாவது பழைய மேலோடு, அது. எடுக்க வேண்டாம், அவையே தின்று கால்சியத்தை மீட்டுக்கொள்ளும்.

பெண்களின் தலைக்குப் பின்னால், முதுகுப்பக்கம், மஞ்சள் திட்டு தெரிகிறது; சூலகத்தில் முட்டை முற்றுகிறது. பெண் பருமனாக, அடிவயிறு வளைந்து இறங்கி, நிறம் அடர்ந்திருக்கும். ஆண் ஒல்லி, நிறம் வெளிறியிருக்கும்.

ஜனவரி 11, சனி

நேற்று மாலை ஆண்கள் எல்லாம் தொட்டிக்குக் குறுக்கும் நெடுக்குமாக வெறிபிடித்தாற்போல் நீந்தின. விஷம் கலந்தாலும் இப்படி ஓடும், எனவே முதலில் பரிசோதனை: அம்மோனியா பூஜ்யம், டிடிஎஸ் மாறவில்லை, பெண்கள் அமைதியாக மேய்கின்றன. அப்படியானால் காரணம் ஒன்றுதான். ஒரு பெண் சட்டை உரித்து, தண்ணீரில் மணம் விட்டிருக்கிறாள். இன்று காலை அவள் வயிற்றடியில் முட்டைகள், இருபத்தைந்துக்குக் குறையாமல், பச்சை கலந்த மஞ்சள். நீச்சல்கால்களை ஓயாமல் விசிறுகிறாள். நடு நடுவே நின்று, பின்னங்காலை உள்ளே விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒன்றை எடுத்துக் கீழே போட்டாள். பூஞ்சை பிடித்த முட்டையை இப்படி அவளே கழித்துவிடுவாள், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

ஒரு இறப்பு. தலைக்கும் உடலுக்கும் நடுவில் சுற்றிலும் வெள்ளை வளையம். சட்டை முதுகில் பிளந்து திறப்பதற்குப் பதிலாக முழு வட்டமாக விரிந்தால் இறால் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். தாதுக் குறைவு ஒரு காரணம். ஒரேயடியாக நிறையத் தண்ணீர் மாற்றுவது இன்னொன்று, உரிக்கத் தயாராகாத இறாலையும் அது உரிக்கத் தூண்டும். இங்கே ஜிஎச் 5-க்கு இறங்கியிருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, ஒரு துண்டு வேகவைத்துப் போட்டாயிற்று. ஆனால் அது மெல்லத்தான் கரையும். கணக்கைச் சரிசெய்வது வாராந்தரத் தண்ணீர்தான்: 4 லிட்டர், ஜிஎச் 8-க்குக் கலந்து, சொட்டுச்சொட்டாக. ஒரே நாளில் ஏற்றக்கூடாது.

பிப்ரவரி 9, ஞாயிறு

குஞ்சு பொரித்துவிட்டது. மூன்றாம் வாரத்திலேயே முட்டைகளுக்குள் இரண்டு கருப்புப் புள்ளி, கண்கள், தெரிந்தன. குஞ்சு 2 மி.மீ. இருக்கும், கண்ணாடிபோல நிறமில்லை. பாசிக்குள் டார்ச் அடித்தால் ஒன்றிரண்டு தெரியும். மற்றவை வெளிவர ஒரு வாரம் ஆகும், எண்ண முயல வேண்டாம்.

குஞ்சுகள் தீனியைத் தேடி நீண்ட தூரம் போகாது, அவை நிற்கும் இடத்திலேயே உணவு இருக்க வேண்டும். அதற்கு நாட்டு வாதுமை இலையை மிஞ்ச எதுவும் இல்லை. தானாக உதிர்ந்த பழுப்பு இலை, கழுவி, கொதிநீரில் ஊறவைத்து, 20 லிட்டருக்கு ஒன்று. சில நாளில் அதன்மேல் வழுவழுப்பாக ஒரு படலம் வரும், குஞ்சுகள் அதை மேயும். பெரியவற்றுக்கு வாரம் மூன்று நாள் தீனி, இரண்டு மணி நேரத்தில் தின்று தீரும் அளவு. மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். வீட்டு மரத்து முருங்கை இலை இரண்டு நிமிடம் வேகவைத்துக் கொடுக்கலாம். சந்தைக் கீரை வேண்டாம், அதில் தெளித்த மருந்து கழுவினால் போகும் என்று நம்ப முடியாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

கண்ணாடியில் முக்கோணத் தலையோடு வெள்ளைப் புழு: பிளனேரியா. தீனி மிஞ்சினால் பெருகும், குஞ்சுகளையும் பிடிக்கும். கண்ணாடிப் பொறியில் துளி இறைச்சி வைத்து இரவில் பிடித்து வருகிறோம், தீனியைப் பாதியாகக் குறைத்தாயிற்று. ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து போட்டால் சீக்கிரம் தீரும், ஆனால் நத்தைகளும் சாகும், செத்த புழுக்கள் அழுகி அம்மோனியா ஏறும். குஞ்சு உள்ள தொட்டியில் பொறியே போதும். தும்பியின் இளம்பருவம் கண்ணில் பட்டால் மட்டும் தயங்காமல் அன்றே பிடித்து வெளியேற்றுங்கள், ஒன்று போதும் ஒரு ஈட்டுக் குஞ்சுகளையே தின்று தீர்க்க.

மார்ச் 16, ஞாயிறு

முதல் ஈட்டுக் குஞ்சுகள் 1 செ.மீ.யைத் தொடுகின்றன. வெளிறியவற்றை வேறு தொட்டிக்கு மாற்றும் வேலை இனி மாதம் ஒருமுறை. நீலத்தையும் சிவப்பையும் ஒன்றாக விட்டால் சில தலைமுறையில் பழுப்பும் நிறமற்றதுமாகத் திரும்பிவிடும். கழித்த இறாலை ஏரியிலோ கிணற்றிலோ விடவே கூடாது. இது சீனா, தைவான் பக்கத்து உயிர், இங்கே உள்ள நீர்நிலைக்குச் சொந்தமில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

தண்ணீர் 30 டிகிரி. 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பின் குறுக்கே சாய்த்து ஓட்டினால் 2 முதல் 3 டிகிரி இறங்கும். கடற்காற்றில் ஈரம் கூடிய நாளில் அவ்வளவும் இறங்காது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். அதனால் குறைந்த அளவை உப்பு சேர்க்காத வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் தினமும் நிரப்ப வேண்டும். கண்ணாடியில் டேப் ஒட்டி மட்டம் குறித்தாயிற்று. இங்கே உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்தால் ஒரு மாதத்தில் டிடிஎஸ் 400-ஐத் தாண்டும்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். பிற்பகலில் 31-ஐத் தொட்டது, இரண்டு தாய்கள் முட்டையை உதிர்த்துவிட்டன. 32-ல் முட்டை நிற்காது. பெரிய இறால்கள் தாங்கினாலும் ஈனுவது நின்றுபோகும். சூட்டில் பிறக்கும் குஞ்சுகளில் ஆண்களே மிகுதி என்பதும் ஆய்வுகளில் பதிவான விஷயம். ஐஸ் பாட்டில் போட வேண்டாம், அரை மணியில் 4 டிகிரி இறங்கி மறுபடி ஏறுவது சூட்டைவிடக் கேடு.

விளக்கு இனி மாலை 7 முதல் இரவு 12 வரை மட்டும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு என்பதால் இன்னொரு ஏர் ஸ்டோன். தீனி வாரம் இரண்டு நாள். தொட்டி இப்போது நிறைந்திருக்கிறது, பங்கு கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆனி பிறந்து தண்ணீர் 28-க்குக் கீழே நிலைக்கும்வரை ஒன்றையும் இடம் மாற்றுவதாக இல்லை.