கௌலியில் செய்து சுன்னாகத்தில் ஓடிய கார்

ஒக்ஸ்போர்ட் என்றால் வெளியாருக்குப் பல்கலைக்கழகம். நான் இருக்கிற கிழக்குப் பக்கத்தில் அது கார் செய்கிற ஊர். சைக்கிள் திருத்திப் பிழைத்த வில்லியம் மொறிஸ் 1913 இல் தன் முதல் காரை வெளியே விட்டார். அதன் பெயரே மொறிஸ் ஒக்ஸ்போர்ட். அந்தக் கிழக்குப் பக்கத்துக் கௌலியில் அவர் எழுப்பிய தொழிற்சாலைக்கு 1930களில், சுரங்க வேலை இல்லாமல் போன தென் வேல்ஸிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து குடியேறினார்கள். பழைய தொழிற்சாலையில் பெரும்பகுதியை 1990களில் இடித்து அலுவலகங்கள் கட்டிவிட்டார்கள். மிச்சம் இருப்பதில் இன்று பி.எம்.டபிள்யூ நிறுவனம் மினி கார் செய்கிறது. நான் வேலைக்குப் போகிற பஸ் அந்த வேலியோரமாகத்தான் போகும். பெரியப்பாவின் மொறிஸ் மைனர் இந்தக் கௌலியில் பிறந்தது என்பது இங்கே வந்து பல காலத்துக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

வந்த புதிதில் வேலையும் அறையும் எப்படியோ கிடைத்துவிட்டன. கதைக்க ஒரு விஷயம்தான் கிடைக்கவில்லை. வேலையிடத்தில் தேநீர் நேரத்தில் உதைபந்தாட்டம், தொலைக்காட்சி, விடுமுறைக்குப் போன கடற்கரை என்று ஓடும். நல்ல மனிதர்கள், என்னையும் சேர்க்கத்தான் பார்ப்பார்கள். ஆனால் ஊரைப் பற்றிக் கேட்டால் என் பதில் எந்தப் பக்கம் சுற்றினாலும் போரில் போய் முட்டும். கேட்டவரின் முகம் வாடும், கதை அதோடு நின்றுவிடும். எனக்கும் பாவமாக இருக்கும், அவருக்கும் சங்கடம்.

அதை மாற்றியது ஒரு சத்தம். மொறிஸ் மைனர் ஓட்டுகிறவர் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சரில் ஒரு உறுமல் விழும். வேறு எந்தக் காரிலும் அது அப்படி விழுவதில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், எங்கள் ஊரில், அதை வைத்தே ‘பெரியப்பா சந்தி திரும்பிவிட்டார்’ என்று சொல்லி உலை வைப்பார்கள். ஒரு கோடைகாலப் பின்னேரம் அந்த உறுமல் எங்கள் தெருவுக்குள் கேட்டது. வெளியே ஓடிப் போய்ப் பார்த்தால் சாம்பல் நிற மைனர் ஒன்று, பின்னாலே ஒஸ்ரின் கேம்பிறிஜ் ஒன்று, அதன் பின்னால் ஒரு றயம்ப் ஹெரால்ட். பக்கத்துக் கிராமத்துப் பப்பின் முற்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கோடையில் மாதத்துக்கு ஒருமுறை அங்கே கூடுவார்களாம். அடுத்த முறை நானும் போனேன்.

இந்தச் சந்திப்புகள் பெரிய கண்காட்சி அல்ல. பிஸ்ரர் பழைய விமானத் தளத்தில் நடப்பது போன்ற பெருங்கூட்டங்களுக்கும் பிறகு போயிருக்கிறேன்; எனக்குப் பிடித்தது இந்தச் சின்ன முற்றம்தான். மடிப்புக் கதிரையும் தேநீர்ப் பிளாஸ்க்கும் கொண்டுவருவார்கள். பொனற்றை, எஞ்சின் மேல் மூடியை, திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பார்கள். திறந்த பொனற் என்றால் வா, கேள் என்று அர்த்தம். யார் எந்த நாட்டுக்காரர் என்று அங்கே யாரும் தொடங்குவதில்லை. கார் எந்த வருடம் என்றுதான் தொடங்குவார்கள்.

முதல் நாளே ஒன்று நடந்தது. சாம்பல் நிற மைனர்காரர் திறப்பைத் திருப்பினார். ஒன்றும் இல்லை. மைனரில் எஞ்சின் தொடங்குமுன் ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வரவேண்டும், எஸ்.யு. மின்பம்பி பெற்றோலை இழுத்து காபரேற்றரை நிரப்பும் சத்தம் அது. நிரம்பியதும் தானாக நிற்கும். அன்றைக்கு அந்த ‘டிக்’ வரவில்லை. நான் பொனற்றுக்குள் பம்பியைக் காட்ட, அதே நேரம் அவரும் கையில் ஸ்பனரோடு இறங்கி வந்துவிட்டார். அதன் பிடியால் பம்பியின் கறுப்பு மூடிக்குப் பக்கத்தில் மெல்ல ஒரு தட்டு. ‘டிக் டிக் டிக்.’ உள்ளே இருக்கிற தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் அப்படித்தான். பெரியப்பா ஸ்குறூ டிறைவர் பிடியால் தட்டுவார். “தம்பி, காதைக் குடுத்துக் கேள், இப்ப சொல்லும்” என்பார். அந்த மனிதர் என்னைப் பார்த்து, இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். ஊரைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்டு, முகம் வாடாமல் நின்று கேட்ட முதல் கதை அதுதான்.

அவர்களுடைய நினைவுகளையும் சொல்லவேண்டும். மைனர் 1948 இல் லண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் வெளிவந்தது. 1971 இல் நிற்கும்வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள்; பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு மைனர் கதை உண்டு. ஒரு அம்மாவின் தாயார் கிராமங்களுக்குப் போய்ப் பிரசவம் பார்த்த தாதி; பனியிலும் மைனரில்தான் போவாராம். இன்னொருவர் தபால் பகுதியின் பழைய மைனர் வான்களுக்கு முன் மட்காட் ரப்பரில் இருந்ததைச் சொன்னார். கௌலியில் வரிசையில் நின்று வேலை செய்த முதியவர் ஒருவரும் வருவார். அவருக்கு இந்தக் கார்களில் பெரிய காதல் இல்லை. இரைச்சல், வேலைநிறுத்தம், எண்ணிக் கொடுக்கும் கூலி, இவைதான் அவருடைய நினைவு. மற்றவர்கள் பளபளப்பைப் பற்றிக் கதைக்கும்போது அவர் கதவின் பொருத்துகளை விரலால் தடவிப் பார்ப்பார். அந்தக் கூட்டத்தில் நான் மிகவும் மதிக்கிற மனிதர் அவர்.

மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். மூக்குப் பக்கம் பார்த்தால் பொனற்றின் நடுவில் ஒரு தட்டையான பட்டி தெரியும். மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று அவருக்குப் பட, அதை நீளவாட்டில் இரண்டாக வெட்டி, நடுவில் நாலு அங்குலம் கூட்டச் சொன்னாராம். அந்த நாலு அங்குலம்தான் அந்தப் பட்டி. பின்னர் மினியை வரைந்தவரும் இவரே. இவர் பிறந்தது 1906 இல், இன்றைய துருக்கியின் இஸ்மிரில், அப்போது சிமிர்னா. 1922 இல் ஊர் எரியப்போகிற நேரம் குடும்பத்தைக் கப்பலேற்றி மால்ற்றாவுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் அங்கே இறந்துபோனார். தாயும் பதின்ம வயது மகனும் இங்கிலாந்துக்கு வந்தார்கள். இதை முற்றத்தில் ஒருவர் சொன்னபோது நான் பிறகு வெகுநேரம் கதைக்கவில்லை. இந்த நாட்டவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரிக் கொண்டாடுகிற இரண்டு கார்களையும் வரைந்தவர், எரியப்போகிற ஊரை விட்டு வந்த ஒரு பையன்.

என் பக்கத்துக் கதை மண்ணெண்ணெய். 1990 யூனில் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. களவாக வந்தது போத்தல் கணக்கில், தங்க விலைக்கு. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து கிடைத்தது. அதில் ஓடத் தொடங்கினவை இந்தப் பழைய பிரித்தானியக் கார்கள்: மைனர், கேம்பிறிஜ், ஒஸ்ரின் ஏ40. பெரியப்பா பொனற்றுக்குள் ஒரு சின்னப் போத்தலைக் கம்பியால் கட்டியிருந்தார். அதிலே கொஞ்சம் பெற்றோல். போத்தலிலிருந்து வரும் குழாயும் தாங்கியிலிருந்து வரும் குழாயும் சந்திக்கிற இடத்தில் இருபக்கம் திரும்பும் ஒரு குமிழ். பெற்றோலில் தொடங்குவார். றேடியேற்றரின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார். கை பொறுக்காத அளவுக்குச் சுட்டதும் குமிழைத் திருப்புவார். எஞ்சின் ஒருமுறை தும்மும், வெள்ளைப் புகை தள்ளும், பிறகு ஓடும். எரியாத மண்ணெண்ணெய் கீழே எஞ்சின் எண்ணெயில் கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். அதனால் எண்ணெய்க் கம்பியை உருவி விரலிடுக்கில் தேய்த்து, மணந்து பார்க்காமல் அவர் ஒரு ஹயரும், வாடகை ஓட்டமும், போகமாட்டார்.

இதை நான் சொல்லி முடிக்குமுன் கூட்டத்தில் ஒரு விவசாயி எழுந்துவிட்டார். அவருடைய தகப்பனின் பேர்குசன் உழவு இயந்திரமும் அப்படித்தான் ஓடியதாம். கொவென்றியில் செய்த அந்த இயந்திரங்களில் ஒரு வகைக்கு மண்ணெண்ணெய் போன்ற ஒரு மலிவு எரிபொருள். பெற்றோலுக்குச் சின்னத் தாங்கி, மற்றதற்குப் பெரிய தாங்கி, நடுவில் குமிழ். சூடேறினபின் திருப்பவேண்டும். எண்ணெயும் அடிக்கடி மாற்றவேண்டும். அவர் கையால் குமிழைத் திருப்பிக் காட்டினார், நானும் காட்டினேன். இரண்டு பேருக்கும் ஒரே அசைவு. தொழிற்சாலை முதியவர் அதற்குக் காரணம் சொன்னார்: மைனரின் ஏ-வரிசை எஞ்சினில் காற்று உள்ளே போகிற குழாயும் புகை வெளியே வருகிற குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டி இருக்கின்றன. புகைக் குழாயின் சூடு உள்ளே போகும் எரிபொருளை ஆவியாக்க உதவும். அமுக்கமும் பிந்திய எஞ்சின்களைவிடக் குறைவு. எங்கள் கராஜ்களில் படித்துத் தெரியாமல் கையால் தெரிந்து வைத்திருந்ததற்கு இங்கே ஒருவர் விளக்கம் தந்தார். அந்தப் பின்னேரம் நான் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நின்றேன்.

1995 ஒக்ரோபர் கடைசியில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுதும் கிழக்கே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த இரவில் அந்த மைனரில் அப்பாச்சியையும் இன்னும் மூன்று வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு பெரியப்பா நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினார். சனத்துக்குள் நடையின் வேகம்கூட இல்லை. றேடியேற்றர் கொதிக்க, மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றி ஊற்றி நகர்த்தினார். இதை முற்றத்தில் நான் அதிகம் சொல்வதில்லை. ஆனால் சொன்ன ஒரு நாள், கேட்டவர்கள் கதையை மாற்றவில்லை. நாலு பேரோடு அந்த நெரிசலில் கிளச் தாங்கியதா என்று ஒருவர் கேட்டார். அது உணர்ச்சியில்லாத கேள்வி என்று சிலருக்குப் படலாம். எனக்கு அது பெரிய ஆறுதல். அந்த இரவின் ஒரு துண்டையாவது அவர் என்னோடு நின்று பார்த்தார்.

இங்கே தீராத வாதங்கள் உண்டு. 2021 இலிருந்து சாதாரணப் பெற்றோலில் எதனோல் பத்து வீதம்வரை கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும் என்று பலர் விலை கூடியதையே அடிப்பார்கள். நாற்பது வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 இலிருந்து வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. நான் அதற்கு எதிர். மைனரின் முன்சில்லைத் தாங்கும் கீழ்ப்பொருத்து கிறீஸ் இல்லாமல் தேய்ந்தால் ஓடும்போதே சில்லு மடிந்து விழும். மரச்சட்டம் போட்ட றவலர் வகையில் அந்த மரம் அழகுக்கு வைத்ததல்ல, பின்பக்க உடம்பையே அதுதான் தாங்குகிறது, அது உக்கினால் ஆபத்து. இன்னொரு கண் பார்ப்பது நல்லது. வருடத்தில் ஒரு நாள் மட்டும் துடைத்துக் கொண்டுவந்து வைக்கிறவர்களும் உண்டு. குறை சொல்லவில்லை. ஆனால் என் மனம் மழையில் ஓட்டிக்கொண்டு வருகிறவர் பக்கம். ஆணிக்கு ஆணி பழையபடி இருக்கவேண்டும் என்று வாதிடுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சுன்னாகத்தில் ஓடிய எந்த மைனரும் அப்படி இருக்கவில்லை, ஆனால் ஓடியது.

தமிழ்நாட்டு நண்பர் ஒருவரை ஒருமுறை கூட்டிப் போனேன். ஹெரால்டைப் பார்த்ததும், இது சென்னையில் நாலு கதவோடு செய்யப்பட்டது என்றார். ஹெரால்ட்காரர் முதலில் நம்பவில்லை. இரண்டு கதவு ஹெரால்ட்தான் அவர்களுக்குத் தெரியும். அம்பாசிடர் பிந்திய மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஒன்றின் வழி வந்தது, 2014 வரை செய்தார்கள் என்பது பலருக்குத் தெரிந்திருந்தது. இலங்கைத் தகடு பற்றியும் சிலருக்குத் தெரியும்: பாத் நகரில் மைனருக்கென்றே ஒரு நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் 1990களில் இலங்கையில் மைனருக்குத் தகட்டுப் பாகங்கள் செய்விக்கத் தொடங்கினார். அப்படி வந்த மட்காட் ஒன்றை ஒருவர் தன் காரில் பூட்டியிருந்தார். அதைத் தட்டிக் காட்டி, உங்கள் நாட்டு வேலை, இன்னும் துருப்பிடிக்கவில்லை என்றார்.

மைனரின் வரலாற்றை இங்கே சொல்கிறவர்கள் 1971 இல் நிறுத்திவிடுகிறார்கள். அது சரியில்லை. யாழ்ப்பாணத்தில் அந்தக் கார் அதற்குப் பிறகு கால் நூற்றாண்டாக நோயாளியையும் பொம்பிளை மாப்பிள்ளையையும் ஏற்றி ஓடியது. அதை ஓட வைத்த மெக்கானிக்மாரும் இசிகோனிஸின் அதே வரிசையில் வைத்துப் பேசவேண்டியவர்கள். இந்தக் கோடையில் முற்றத்துக் குழுவினர் இந்தக் கதையைச் சொல்லும் ஒரு பலகை வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். என்னிடம் பெரியப்பாவின் காரின் படம் ஒன்றுகூட இல்லை. இடம்பெயர்ந்ததில் எல்லாம் போய்விட்டது. மண்ணெண்ணெயில் ஓடிய காரின் படமோ, காபரேற்றரையும் குழாயையும் எப்படி மாற்றினார்கள் என்ற விவரமோ, அந்தக் கராஜ்களில் நின்ற கைகளின் பெயரோ யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். சுன்னாகம், கொடிகாமம், பருத்தித்துறை எங்கிருந்தாலும் சரி. ஊர்ப் பெயரோடும், தெரிந்தால் காரின் வருடத்தோடும் அனுப்புங்கள். முற்றத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.