ஆகஸ்ட் மாதத்து இலையுதிர்காலம்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் போகிறவர்கள் முதலில் ரஃபேல் வரைந்த மடோனா (மேரி மாதா) ஓவியத்தைத்தான் தேடிப் போகிறார்கள். நானும் போனேன், பார்த்ததில் பாதி அடுத்தவர் பின்னந்தலை. மறுநாள் எல்பே ஆற்றோரமாக நடந்து அல்பெர்டினம் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். 2002 வெள்ளத்துக்குப் பிறகு, ஓவியக் கிடங்கையே முற்றத்துக்கு மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஆற்றை நம்பவில்லை!

அங்கேதான் அந்தக் காடு இருந்தது. குஸ்தாவ் கிளிம்ட் 1902 வாக்கில் வரைந்தது. மீட்டருக்கு மீட்டர், சரியான சதுரம். தங்கம் இழைத்த பெண்களை வரைந்தவர் என்றே அவரை அறிந்திருந்தேன். இதில் ஆளும் இல்லை, பாதையும் இல்லை. சாம்பல் பூத்த ஒல்லி மரங்கள், கீழே செம்பு நிறச் சருகுப் பரப்பு. புள்ளி புள்ளியாக வைத்த வண்ணம்; கிட்டப் போனால் தரை பாசிமணி கொட்டியது போலத் தெரிகிறது. வானம் தூரத்து மரங்களின் இடுக்கில் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதோடு சரி.

பெயர்ப் பலகையில் 'புக்கன்வால்ட்'. ஒரு கணம் துணுக்குற்றது. பீச் (beech) மரக்காடு, அவ்வளவுதான் பொருள். 1937இல் வைமார் அருகே நாஜிகள் திறந்த வதைமுகாமுக்கும் அதே பெயர். 1918இலேயே இறந்துபோன ஓவியருக்கு அது வெறும் மரப்பெயர்.

முதுமை, உதிர்தல், முடிவு என்று வழக்கமான அர்த்தங்களை நானே அடுக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரவு விடுதியில் படித்தபோது எல்லாம் கலைந்தது. ஆஸ்திரியாவின் அட்டர்ஸே ஏரிக்கரையில் கோடையைக் கழிக்கப் போன இடத்தில் வரைந்த படமாம்! காலை ஆறு மணி வாக்கில் எழுந்து, வெயில் அடித்தால் பீச் காட்டை வரையப் போவதாகக் கடிதமே எழுதியிருக்கிறார். காட்டிலேயே சுற்றியதால் ஊர்க்காரர்கள் அவருக்குக் 'காட்டுப் பூதம்' என்று பெயர் வைத்தார்களாம்.

அப்படியானால் சருகு? பீச் இலை சீக்கிரம் மக்காது. போன வருடத்து இலை அடுத்த கோடையிலும் செம்பு நிறமாகவே தரையில் கிடக்கும்.

மறுநாள் ரயிலுக்கு முன் மறுபடி ஓடினேன், மரத்து உச்சியைப் பார்க்க. உச்சியே இல்லை. எல்லா மரங்களையும் சட்டத்தின் மேல்விளிம்பு வெட்டியிருந்தது. பச்சை இருந்திருந்தால் அதற்கு மேலேதான் இருந்திருக்கும்.