காலேஜ் அவர்களுடையது, சம்பளம் நம்முடையது

"தனியார் காலேஜுக்கு அரசாங்கம் எதுக்குப் பணம் கொடுக்கணும், சித்தி?" என்று அக்கா மகன் கேட்டான். எங்கள் மொரீசியஸில் காலேஜ் என்றால் ஆறாம் வகுப்புக்கு அப்புறம் போகும் மேல்நிலைப் பள்ளி. கேட்டதில் தப்பில்லை. அவனுடைய அம்மா மூன்றாம் ஃபாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியது ஏன் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

1977க்கு முன்பு இங்கே அரசு காலேஜுகள் கொஞ்சம்தான். ராயல் காலேஜ், குவீன் எலிசபெத் காலேஜ் மாதிரி இடங்களெல்லாம் ஆறாம் வகுப்புத் தேர்வில் முன்னால் வந்தவர்களுக்கு. மற்ற பிள்ளைகள் ஃபீஸ் கட்டித் தனியார் காலேஜுக்குப் போக வேண்டும். அப்பா கரும்புத் தோட்டத்துக் கூலி. இரண்டு ஃபீஸ் கட்ட முடியாமல் போனபோது அண்ணன் தொடர்ந்து படித்தார், அக்கா ஸ்வெட்டர் ஃபேக்டரிக்குப் போனாள். எங்கள் தெருவில் பல வீடுகளில் இதே கதைதான். கையில் காசு இல்லையென்றால் முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்பு.

1975 மே 20 அன்று மாணவர்கள் தலைநகர் போர்ட் லூயிஸை நோக்கி ஊர்வலம் போனார்கள். தனியார் காலேஜ் பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். அரசு காலேஜில் இருக்கும் வசதி எங்களுக்கு ஏன் இல்லை என்பது அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று. கிராண்ட் ரிவர் பாலத்தருகே போலீஸ் மறித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் தேர்தல், 1977இல் இலவசக் கல்வி. தனியார் காலேஜுகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில்தான் நான் முதல் ஃபாரத்தில் சேர்ந்தேன். அக்காவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. அதனால் இந்த மானியத்தை ஒழிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஆனால் பணம் பொதுவாக இருந்தால் மட்டும் போதுமா? வாசலும் பொதுவாக இருக்க வேண்டாமா? கத்தோலிக்க காலேஜுகள் அரசு மானியம் வாங்கிக்கொண்டே முதல் ஆண்டு இடங்களில் பாதியைத் தங்கள் விருப்பப்படி, பெரும்பாலும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்தன. இது பாகுபாடு என்று ஓர் இந்துத் தகப்பனார் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கத்தோலிக்க சபையின் மேல்முறையீடு, எங்கள் நாட்டுக்குக் கடைசி நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 2004இல் அங்கேயும் தள்ளுபடியானது. சபை அந்தப் பள்ளிகளைக் கட்டி வளர்த்தது, எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைத்தது, மறுக்கவில்லை. அந்த மரியாதை எனக்கு உண்டு. இருந்தாலும் சம்பளம் எல்லார் வரிப்பணத்திலிருந்தும் போகும்போது, மதம் பார்த்து இடம் ஒதுக்குவது நியாயமில்லை. நம் கோயில் சங்கம் நாளைக்கு ஒரு காலேஜ் நடத்தினாலும் இதையேதான் சொல்வேன்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. ஃபீஸ் இல்லை என்கிறோம், சரி. சாயங்காலம் ஆனால் டியூஷன். கணக்குக்கு ஒன்று, பிரெஞ்சுக்கு ஒன்று, சனிக்கிழமை இன்னொன்று. எங்கள் தெருவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நாலு பாடத்துக்குப் போகிறது, துப்புரவு வேலை செய்யும் அம்மாவின் பிள்ளை ஒன்றுக்குக்கூடப் போவதில்லை. இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே தேர்வு. அக்கா தன் பென்ஷனிலிருந்து பேரனுக்கு டியூஷன் காசு கொடுக்கிறாள்.

மானியம் தொடரட்டும். அதை வாங்கும் காலேஜ், பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டதும் அங்கேயே, காசு வாங்காமல், கூடுதலாக ஒரு மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும் என்று அமைச்சகம் ஒரு நிபந்தனை போடட்டும். அந்த மணிக்கான ஆசிரியர் சம்பளத்தையும் அரசே கொடுக்கட்டும், என் வரியிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.